நோ டிஸ்ப்ளேவுக்கு போஸ்ட் கார்டு: யாருக்கு லாபம், யாருக்கு வீண்?

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவென்றே விற்கப்படும் நான்கு இலக்க போஸ்ட் டெஸ்ட் கார்டு பற்றிய மதிப்பீடு இது. போஸ்ட் என்பது ஆன் செய்ததும் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. ஒரு விளிம்பில் பிசிஐ, எதிர் விளிம்பில் ஐசா (இரண்டுமே மதர்போர்டின் பழைய வகை ஸ்லாட்டுகள்), நடுவே சிவப்பு இலக்கங்கள், ஓரத்தில் ஒரு வரிசை எல்இடி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெரும்பாலும் அதில் பிராண்டு பெயர் எதுவும் இருக்காது.

காசு கொடுக்கும் முன் செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள இன்டெல் பிராசஸருக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அதை வைத்துக்கொண்டு போர்டின் போர்ட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. பிராசஸர் அருகில் உள்ள 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டரை மறந்துவிட்டால் ஃபேன் மட்டும் சுற்றும். புதிதாக அசெம்பிள் செய்த கணினிகளில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். டிடிஆர்5 போர்டில் முதல்முறை ஆன் செய்யும்போது மெமரி டிரெய்னிங், அதாவது ராமுக்கேற்ப போர்டு தன்னைச் சரிசெய்துகொள்வது, நடக்கும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், அவசரப்பட்டு ஆஃப் செய்யக் கூடாது.

அடுத்தது ராம். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிறக் காலில் பென்சில் ரப்பரை மெல்லத் தேய்த்து, தூசைத் துடைத்து, ஒரே ஒரு ராமை மட்டும் போட்டு ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பாருங்கள். பூட்டு ‘கிளிக்’ என்று விழும்வரை அழுத்த வேண்டும். சிஆர்2032 பேட்டரியையும் கழற்றி, கிளியர் சிமாஸ் ஜம்பரை (சேமித்த செட்டிங்குகளை அழிக்கும் பின்களை) சில விநாடி இணைத்துவிட்டு மறுபடி முயலலாம். கடைக்கு வரும் நோ டிஸ்ப்ளேக்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

இதற்கும் மசியாத போர்டுக்குத்தான் கார்டு. கணினியை எழுப்பும் முதல் புரோகிராமான பயாஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணை 80எச் என்ற போர்ட்டில் (கணினிக்குள் உள்ள ஒரு முகவரியில்) எழுதிக்கொண்டே போகும்; கார்டு அதைக் காட்டும். ஒரு ஜோடி இலக்கம் இப்போதைய எண், மற்ற ஜோடி அதற்கு முந்தையது. எண் எங்கே நின்றதோ அந்தக் கட்டத்தில் வேலை முடங்கியது என்று பொருள். அவார்டு, ஏஎம்ஐ என்பவை பயாஸ் தயாரிப்பாளர்களின் பெயர்கள். பழைய அவார்டு பயாஸில் ‘சி1’ என்று நின்றால் மெமரியைத் தேடுகிறது. புதிய ஏஎம்ஐ பயாஸில் 55 என்றால் ராமே இல்லை, 53 என்றால் பயன்படுத்தத் தக்க ராம் கிடைக்கவில்லை, ‘டி6’ என்றால் டிஸ்ப்ளே சாதனம் எதுவும் அகப்படவில்லை. மாறாமல் 00 அல்லது ‘எஃப்எஃப்’ நின்றால் பிராசஸர் முதல் கட்டளையையே ஓட்டவில்லை. 12 வோல்ட் கனெக்டர், சாக்கெட் பின், பயாஸ் சிப் என்று பாருங்கள். ஆனால் எண்கள் ஓடி முடித்துவிட்டு ‘எஃப்எஃப்’பில் நிற்பது அவார்டில் நல்ல சேதி, பூட் வரை வந்துவிட்டது. அப்போது மானிட்டரையும் கேபிளையும் சந்தேகியுங்கள். ஆகவே நின்ற எண்ணைவிட, அதுவரை எண்கள் ஓடினவா என்பதைக் கவனிப்பது முக்கியம்.

எல்இடிகளில் அதிகம் உதவுவது ‘ரீசெட்’. ஆன் செய்யும்போது ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அணையாமலே இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளையின்) ‘மின்சாரம் சரி’ என்று சொல்லும் பவர் குட் சிக்னல் வரவில்லை, அல்லது போர்டு ரீசெட்டிலேயே மாட்டியிருக்கிறது. ‘கிளாக்’ எரியாவிட்டால் போர்டு மெக்கானிக் வேலை. மின்னழுத்த விளக்குகளை மட்டும் நம்பாதீர்கள். 12 வோல்ட் 10.5 ஆகச் சரிந்தாலும் அந்த விளக்கு சிரித்துக்கொண்டே எரியும். ஏடிஎக்ஸ் வரையறைப்படி 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் இருக்க வேண்டும். அதற்கு மல்டிமீட்டர்தான் சாட்சி.

கார்டின் பெரிய குறை, இன்றைய போர்டுகளில் அதைச் செருக இடமே இல்லை என்பது. 945, ஜி31, ஜி41 போன்ற பழைய இன்டெல் சிப்செட் காலத்துப் போர்டுகளில் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பின் வந்த எச்61, எச்81 போர்டுகள் சிலவற்றில் பிசிஐ ஸ்லாட் இருக்கும், ஆனால் சிப்செட்டில் பிசிஐ கிடையாது. தனி பிரிட்ஜ் சிப் வழியாக வருவது. 80எச் எண்கள் அங்கே வந்து சேராமல் போகலாம். கார்டில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக அந்தப் போர்டைச் செத்ததாக முடிவு கட்டிவிடாதீர்கள். உடன் வரும் கோட் புத்தகமும் பழைய பயாஸ்களுக்கானது. ஒரே எண்ணுக்கு அவார்டில் ஒரு பொருள், ஏஎம்ஐயில் வேறு பொருள் என்பதால், போர்டில் எந்த பயாஸ் என்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை.

செருகும்போது எஸ்எம்பிஎஸ் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். பிசிஐ பக்கத்தைத் திருப்பிச் செருகிவிடாதீர்கள். ஒரே வெட்டு உள்ள கார்டை அந்த வெட்டு தடுத்துவிடும், இரண்டு வெட்டு உள்ளதைத் தடுக்காது. ஐசா பக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. திருப்பிப் போட்டால் கார்டோ போர்டோ பழுதாகலாம். பிசிஐயில் போட்டிருக்கும்போது மேலே நீட்டி நிற்கும் ஐசா காலில் ஸ்க்ரூடிரைவரோ கேபினட் தகடோ படக் கூடாது.

வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. இதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் குட்டி பீப் ஸ்பீக்கரை ஸ்பீக்கர் பின்களில் மாட்டினால் போதும். அவார்டில் ஒரு நீளம், இரண்டு குட்டை பீப் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. நீளமாகத் திரும்பத் திரும்ப வந்தால் ராம். ராமை முழுக்கக் கழற்றியும் சத்தமே இல்லையென்றால் பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பலாம். புதிய போர்டு வாங்குபவர்கள் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு எல்இடி உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் கார்டின் வேலையில் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

பழைய போர்டுகள் தினமும் மேசைக்கு வரும் சர்வீஸ் கடைக்காரர் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே ஓடுகிற ஒரு ஜி31 போர்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்: ரீசெட் ஒருமுறை மின்னி அணைய வேண்டும், எண்கள் விறுவிறுவென்று மாற வேண்டும். இலக்கத்தில் ஒரு கோடு எரியாத கார்டை எடுக்காதீர்கள். 8 என்பது 6 ஆகத் தெரிந்து, கோளாறை வேறு எங்கோ தேட வைக்கும்.