காரைக்குடியில் எதுக்குண்ணே ஹீட்டர்?

போன வாரம் தேவகோட்டையிலிருந்து பங்காளி ஒருவன் போன் செய்தான். "உன் பழைய சிட்டியைக் கொடுக்கிறதா இருந்தா சொல்லு. இல்லேன்னா மதுரையில அதே மாதிரி ஒண்ணு வந்திருக்கு, வாங்கிடவா?" வாங்காதே என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பாவம், காரணம் தெரியாமலே போனை வைத்துவிட்டான்.

என் கார் 2002 ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் விடெக் இன்ஜின், அதாவது வேகமாகச் சுற்றும்போது வால்வு திறக்கும் விதத்தை மாற்றிக்கொள்கிற இன்ஜின். நாலு கதவும் டிக்கியும் இருக்கிற வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்படி அதை ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். மற்ற விவரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது ஹீட்டரைப் பற்றி.

2023 டிசம்பரில் வீட்டுக்காரியையும் பையனையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் கிளம்பினேன். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வரை பாட்டும் தேன்குழலுமாகப் போனோம். மலைப்பாதையில் டம்டம் பாறையைத் தாண்டியதும் மழைத் தூறல், பின்னாலேயே மேகம். கண்ணாடி உள்பக்கமாக வெளுக்க ஆரம்பித்தது. ஏசியைப் போட்டேன், கொஞ்சம் தெளிந்தது. ஆனால் ஏசி காற்று பட்டுக் கண்ணாடி சில்லிட்டதும் வெளிப்பக்கம் வெளுத்துவிட்டது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசி வரை திருப்பினேன். பச்சைத் தண்ணீர் மாதிரிதான் காற்று வந்தது. ஊத்து என்கிற ஊர் வரை வீட்டுக்காரி ஒரு கையில் குழந்தைத் துண்டை வைத்துக்கொண்டு என் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இதுக்கு பஸ்ஸுலயே வந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதுவே போதுமாக இருந்தது.

ஊருக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்குள் போக வேண்டிய இரண்டு ரப்பர் ஹோஸ்களும் உள்ளே போகவே இல்லை. வெளியிலேயே ஒன்றை ஒன்றோடு வளைந்த குழாய்த் துண்டு ஒன்றால் இணைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முடுக்கியிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கைக் கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார்: "2015ல லீக் ஆச்சுண்ணே. பைபாஸ் பண்ணிட்டேன். காரைக்குடியில எதுக்குண்ணே ஹீட்டர்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. சித்திரையில் கை வைத்தால் ஸ்டியரிங் சுடுகிற ஊர் இது. ஹீட்டர் என்பது தனியாக ஒரு அடுப்பு இல்லை. இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ரேடியேட்டர் ஒன்றின் வழியாக ஓடும், அதன் மேல் காற்றை ஊதினால் சூடு. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடேற்றும். இரண்டும் சேர்ந்தால்தான் மலையில் கண்ணாடி தெளிவாக நிற்கும். அந்தச் சின்ன ரேடியேட்டரை அரித்தது கார் கம்பெனி இல்லை, நாங்கள்தான். வருஷக்கணக்காகக் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம். கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே தண்ணீர். கொடைக்கானல் குளிரில் ரேடியேட்டர் உறைந்துவிடாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் இருப்பதற்காக இல்லை, துரு பிடிக்காமல் இருப்பதற்காக.

2025 தைக்கு மறுபடியும் மலை என்று முடிவானதும், அந்தச் சின்ன ரேடியேட்டரை மாற்ற டேஷ்போர்டையே கழற்றினோம். இரண்டரை நாள் வேலை. கொட்டகையில் திருகுகளை ஆத்தாவின் பழைய எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்திருந்தோம். கடைசியில் மூன்று திருகு மிஞ்சியது. எதனுடையது என்று இன்று வரை தெரியவில்லை.

அந்தச் சாக்கில் மற்றதையும் பார்த்தேன். பிரேக் ஆயில் மாற்றினேன். அது வருஷம் ஆக ஆக ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இறக்கத்தில் சூடேறினால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். டயர்தான் ஆச்சரியம். ரோட்டைப் பிடிக்கிற பள்ளக்கோட்டுப் பூ அப்படியே புதிதாக இருந்தது, பெருமையாகக் காட்டினேன். டயர் கடைப் பையன் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைத் தொட்டுக் காட்டினான்: 3514. 2014ஆம் வருஷம் முப்பத்தைந்தாவது வாரம் செய்தது. பின்வாசல் கொட்டகையிலேயே நின்றதால் தேயவில்லை, ஆனால் ரப்பர் மரக்கட்டை. நகத்தை அழுத்தினால் தடம் விழவில்லை. நாலையும் மாற்றினேன்.

இ-பாஸ் எடுத்துக்கொண்டு போன இரண்டாவது பயணத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. பெருமாள்மலை வளைவுகளில் இரண்டாம் கியரில் அந்த இன்ஜின் குரல் மாறும்போது பின்சீட்டில் பையன் கத்தினான். ஏழாயிரம் அடியில் காற்று மெலிந்து இழுவை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. அந்த ரோட்டில் அது யாருக்கு வேண்டும்? மன்னவனூர்ப் பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி உறைபனி. சாவியைப் போட்டு நாலு நிமிஷம், பாதத்தில் கதகதவென்று காற்று, கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இந்தக் காரைப் பத்து பேருக்குச் சிபாரிசு செய்திருப்பேன்.

பங்காளி கேட்டதோ சித்திரையில். சூடான கூலன்ட் உள்ளே போகாமல் தடுக்க வேண்டிய, பத்து வருஷம் அசையாமல் கிடந்த ஹீட்டர் வால்வு இப்போது முழுசாக மூடுவதில்லை. குமிழை நீலப் பக்கம் எவ்வளவு திருகினாலும், ஏசிக்கு நடுவே இடது கால் பக்கம் மட்டும் ஒரு கோடு வெந்நீர்க் காற்று வந்துகொண்டே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து பக்கத்திலிருக்கும் திருப்பத்தூர் போய் வருவதற்குள் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. வால்வு தனியாகக் கிடைக்குமா என்று இரண்டு மாதமாகத் தேடுகிறேன்.

நேற்று மெக்கானிக்கிடம் விட்டேன். பானெட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, பழைய டப்பாவைத் துழாவி, அந்த வளைந்த குழாய்த் துண்டை எடுத்து வந்தார். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

"போட்டுரலாமாண்ணே?"

தை வரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.