பிரபலத்தின் குரலில் வாழ்த்து என்று 8,500 ரூபாய் கறந்துவிட்டார்கள், உஷார்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நடிகர், பாடகர்களிடம் பிறந்தநாள் வாழ்த்து வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயரைப் போடவில்லை, இதே வேலையைச் செய்யும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. நடிகர் யாரென்றும் சொல்லப் போவதில்லை. பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்பாவுக்கு எழுபது வயது. அந்த நடிகரின் படம் என்றால் முதல் நாள் முதல் ஷோ பார்த்த ஆள். அவர் குரலில் ஒரு நிமிட வாழ்த்து, விலை 8,500 ரூபாய். யோசித்துக்கொண்டிருந்தபோது "மேனேஜர்" ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். அவசரப்படுத்தவே இல்லை. அப்பாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், எந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார் என்று நிதானமாகக் கேட்டார். பிறகு குரல் செய்தி அனுப்பினார்: "நீங்க எழுதினதை சார்கிட்ட படிச்சுக் காட்டினேன் மேடம், சிரிச்சுட்டார். ஷாட் முடிஞ்சதும் கேரவன்ல பேசித் தர்றேன்னார்." பின்னால் யாரோ "லைட் ரெடியா" என்று கத்துவதுகூடக் கேட்டது. இவ்வளவு நாடகம் ஆடினால் யாருக்குச் சந்தேகம் வரும்? பணத்தை அனுப்பினேன்.

பதிவு வந்தது. அப்பா கண்கலங்கக் கேட்டார், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். மேடையில் மிமிக்ரி செய்யும் சித்தப்பா மகன் என்னைத் தனியாக அழைத்தான். "அக்கா, இது அவர் இல்ல. யாரோ பலகுரல்காரர்." எப்படிடா என்றேன். ஒருவரின் பேச்சில் தூக்கலாகத் தெரியும் ஒன்றிரண்டு விஷயத்தைப் பிடித்துப் பெரிதாக்குவதுதான் மிமிக்ரியாம். கூட்டம் சட்டென்று அடையாளம் கண்டு கைதட்ட வேண்டுமே. சாதாரணமாகப் பேசும்போது அசல் ஆள் வரிக்கு வரி அப்படி இழுக்க மாட்டார், அந்தச் சிரிப்பையும் சிரிக்க மாட்டார். இதில் இரண்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருந்தன. அப்புறம் அதே தளத்தில் வேறொருவர் பெருமையாகப் போட்டிருந்த வாழ்த்தைத் தேடிப் பிடித்தோம். அதே வசனம், அதே இடத்தில் அதே செருமல். பெயர் வரும் இடத்தில் மட்டும் பின்னணி இரைச்சல் பட்டென்று அறுந்து மறுபடி தொடங்குகிறது. வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

மிமிக்ரி மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னார் குரலில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்தால் நானே முன்வரிசையில் உட்கார்ந்து ரசிப்பேன். "பலகுரல் வாழ்த்து, 500 ரூபாய்" என்றிருந்தால் அதையும் வாங்கியிருப்பேன். அசல் என்று சொல்லி 8,500 வாங்கினால் அது ஆள்மாறாட்டம். ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்துவதற்கு எதிராக 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதற்கு எதிராக 2024-ல் பாம்பே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படியிருந்தும் இந்தத் தளத்துக்காரர்களுக்குப் பயமே இல்லை.

கேட்டதற்கு என்ன பதில் தெரியுமா? முதலில், "டெலிவரி ஆன ஆர்டருக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." அடுத்து, விதிமுறையில் "பிரபலத்தின் குரல் அனுபவம்" என்றுதானே போட்டிருக்கிறோம் என்றார்கள். அனுபவமாம்! 8,500 ரூபாய்க்கு நல்ல அனுபவம்தான். அதற்கப்புறம், "நாங்க வெறும் பிளாட்ஃபார்ம், ஆர்ட்டிஸ்ட்டைக் கேளுங்க." எந்த ஆர்ட்டிஸ்ட்டை, நடிகரையா மிமிக்ரிக்காரரையா என்றேன். சத்தமே இல்லை. மேனேஜர் பிளாக் செய்துவிட்டார். 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்; புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தத் தளத்தில் அப்படி ஒரு பெயரே கண்ணில் படவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வெறும் குரல் பதிவுக்குக் காசு கொடுக்காதீர்கள். வீடியோவையும் ஏஐ செய்துவிடும், அதனால் அந்தப் பிரபலத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இந்தத் தளத்தைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். தனியாள் யுபிஐ-க்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அரட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் புகார் கொடுத்துவிட்டேன். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

8,500 திரும்பி வந்தால் சொல்கிறேன். அந்த நடிகரின் படத்தோடு விளம்பரம் இன்று காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. விலையை 9,000 ஆக்கிவிட்டார்கள்.