கடவுச்சொல் கன்சல்டன்சி கையிலா? பாலிசி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

அமெரிக்காவில் பப்ளிக் பாலிசி (அரசின் கொள்கைகளை ஆராயும் படிப்பு) அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளியியல்) மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், விண்ணப்ப வேலையைச் செய்து தரும் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் இன்றைக்கே படியுங்கள். ஏமாந்துபோனவர்களின் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது: மின்னஞ்சல் முகவரி.

"எல்லாத்தையும் நாங்களே பார்த்துக்கறோம்" என்று சொல்லி, உங்கள் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சலை அவர்களே தொடங்குவார்கள். விண்ணப்பக் கணக்கும் அதே முகவரியில்தான் திறக்கப்படும். கடவுச்சொல் உங்களுக்கு வராது. டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது என்ற அறிவிப்பு, நேர்காணல் அழைப்பு, விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி, உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக் கடிதம் எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். தள்ளுபடி கிடைத்த பிறகும் உங்களிடம் முழுக் கட்டணம் வசூலிக்கப்பட்டால் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் உள்நாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்க, அரசு நிதியுதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகளை அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் வசிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. அதனால் கன்சல்டன்சிக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகத்தின் பெயர், அவர்கள் உங்களுக்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் மேலே ஏறும். கமிஷன் தராத இடத்திலிருந்து வந்த நல்ல செய்தி உங்கள் காதுக்கு எட்டாமலே போகலாம்.

கணக்கு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்திப் பயனில்லை. அந்த இணைப்பும் அவர்களுக்குத்தான் போகும். உங்கள் சொந்த முகவரியிலிருந்து பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். முழுப் பெயர், பிறந்த தேதி, விண்ணப்பித்த துறை, தெரிந்தால் விண்ணப்ப எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தொடர்பு முகவரியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அடையாளச் சான்று கேட்டால் அனுப்புங்கள். கடைசித் தேதிக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பி.எச்டி.க்குப் பல துறைகளில் டிசம்பரிலேயே கதவு சாத்திவிடுவார்கள்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். இதைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் தகும். பேராசிரியர் பதில் போடத் தாமதித்தால், அவர் பெயரில் ஒரு இலவச மின்னஞ்சலை உருவாக்கி, கடிதத்தையும் கன்சல்டன்சியே எழுதி ஏற்றிவிடுகிறது. விண்ணப்பத்தில் 'பரிந்துரைப்பவர்' பகுதியைத் திறந்து முகவரியைப் பாருங்கள். கல்லூரியின் பெயரில் முடியாமல் பொது மின்னஞ்சலாக இருந்தால், அது உண்மையில் உங்கள் பேராசிரியருடையதுதானா என்று அவரிடமே கேளுங்கள். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகம் அவரது துறைக்கே நேரடியாக எழுதிக் கேட்கலாம். போலி என்று தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறுவார்கள். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் நடவடிக்கை உண்டு. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'எல்லாம் உண்மை' என்று கையொப்பமிட்டிருப்பது நீங்கள், கன்சல்டன்சி அல்ல.

படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் நடப்பது மோசடியைவிட அலட்சியம். ஆனால் நஷ்டம் ஒன்றுதான். பாலிசி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இரண்டையும் 'டேட்டா படிப்பு' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். பாலிசி மாஸ்டர்ஸில் மைக்ரோ எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பாலிசி அனாலிசிஸ் ஆகியவை அடித்தளம். பல இடங்களில் வேலை அனுபவத்துக்கு நல்ல எடை உண்டு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாஸ்டர்ஸுக்குப் பல மாறிகள் கொண்ட கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ் அடிப்படையிலான ப்ராபபிலிட்டி ஆகியவற்றை முன்பே படித்திருக்க வேண்டும். பி.எச்டி. என்றால் ரியல் அனாலிசிஸும் (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணங்களோடு படிக்கும் கணிதத் தாள்) மதிப்பெண் பட்டியலில் இருந்தால்தான் பலம். அரசியல் அறிவியல் படித்து, அறிமுக நிலையில் ஒரேயொரு புள்ளியியல் தாள் எழுதியவரை ஆறு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் துறைகளுக்கு விண்ணப்பிக்க வைத்தால் ஆறு கட்டணமும் வீண். அவருக்குப் பொருந்தும் நடுவழியும் இருக்கிறது: சிகாகோ பல்கலைக்கழகத்தில் பப்ளிக் பாலிசிக்கென உள்ள ஹாரிஸ் பள்ளி, கம்ப்யூட்டேஷனல் அனாலிசிஸையும் பாலிசியையும் சேர்த்து ஒரு எம்.எஸ். நடத்துகிறது. கணிதம் கைவந்து, பாலிசி மீதும் பிடிப்பு உள்ளவருக்கு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பாலிசி இரண்டுக்கும் சேர்த்து ஒரு கூட்டு பி.எச்டி. இருக்கிறது. துறையின் பக்கத்தில் உள்ள முன்தேவைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே உங்கள் பாடத்தின் பெயர், பாடநூல், மதிப்பெண் மூன்றையும் நிரப்புங்கள். இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால் அந்த இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பிப்பவர் எழுதும் கட்டுரை) விஷயத்தில் கண்ணால் பார்த்தாலே பிடிபடும் ஒரு அடையாளம் உண்டு. "சிறு வயதிலிருந்தே எண்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் பத்தி, இரண்டு விண்ணப்பங்களிலும் அப்படியே நிற்கும். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருந்த இடத்தில் 'பப்ளிக் பாலிசி' என்று மட்டும் மாறியிருக்கும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேராசிரியர் தேடுவது வேறு: எந்தத் தரவு, எந்த மாடல், எந்த அனுமானம் உடைந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள். பாலிசி குழு கேட்பது: எந்தப் பிரச்சினை, யார் முடிவெடுக்கிறார்கள், அதற்கு என்ன சான்று. ஒரே பத்தி இரண்டுக்கும் பதிலாகாது. அதே பத்தியை இன்னும் பத்து பேருக்கும் விற்றிருப்பார்கள். நகலைக் கண்டறியும் மென்பொருள்கள் சேர்க்கைக்கென்றே இருக்கின்றன.

சின்னச் சின்னக் கட்டணங்களையும் சரிபாருங்கள். ஜி.ஆர்.ஈ. (மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். தேர்வு நாளன்று நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். பல துறைகள் இப்போது அந்த மதிப்பெண்ணையே கேட்பதில்லை. விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்டின் ஸ்கேன் பிரதி போதும், அதிகாரபூர்வப் பிரதி இடம் கிடைத்த பிறகு என்றுதான் பல பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. உங்கள் பட்டத்தை அமெரிக்க முறையோடு ஒப்பிட்டுக் காட்டும் "மதிப்பீட்டு அறிக்கை கட்டாயம்" என்று பணம் கேட்டால், அந்தத் துறையின் பக்கத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பிப்ரவரியில் "சீட்டை லாக் பண்ணணும், உடனே டெபாசிட் கட்டுங்க" என்று நெருக்குவார்கள். உதவித்தொகையோடு இடம் வந்திருந்தால், கிராஜுவேட் பள்ளிகள் கவுன்சிலின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகமா என்று பாருங்கள். ஆமென்றால் அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்ல உங்களுக்குக் கட்டாயம் இல்லை. உதவித்தொகை இல்லாத மாஸ்டர்ஸ் இடங்களுக்கு அந்தத் தீர்மானம் பொருந்தாது. அங்கே கடிதத்தில் அச்சிட்ட தேதிதான் கணக்கு. அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே உள்நுழைந்து படியுங்கள், டெபாசிட்டையும் அங்கேயே உங்கள் கார்டிலிருந்து கட்டி ரசீதை எடுத்துவையுங்கள்.