உடைந்த பீங்கானுக்குத் தங்கக் கோடு: எபாக்ஸி கிட்டா, உருஷியா?

உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டிய இடத்தைத் தங்கக் கோடாக்கும் ஜப்பானியக் கலைதான் கின்ட்சுகி. ஆன்லைனில் கிடைக்கும் கின்ட்சுகி கிட்டுகளில் பெரும்பாலானவை எபாக்ஸி பசையும் தங்க நிறத் தூளும்தான். அலங்காரப் பொருளுக்குத் தாராளமாக வாங்கலாம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். சூடான ரசம் ஊற்றினால் பசை இளகும்.

திருநெல்வேலி வெக்கையில் ஐந்து நிமிடத்தில் இறுக வேண்டிய எபாக்ஸி பசை அதற்கு முன்பே இறுகிவிடும். அதிகாலையில் வேலை பாருங்கள். ஒரு விளிம்புக்கு வேண்டியதை மட்டும், ரெசினும் ஹார்டனரும் சரிசமமாக எடுத்துக் கலக்குங்கள். அளவு பிசகினால் கோடு எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே கிடக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி 24 மணி நேரம் அசைக்கக் கூடாது. பிதுங்கியதை ரப்பர் பதத்தில் பிளேடால் சீவிவிடலாம். பிறகு மெல்லிய தூரிகையால் புதுப் பசை இழுத்து, லேசாக ஒட்டும் பதம் வந்ததும் தூளைத் தூவுங்கள். முந்தினால் தூள் மூழ்கி மங்கும். பித்தளைத் தூள் புளி பட்டால் பச்சை பிடிக்கும், மைக்கா (அப்பிரகம்) தூள் மாறாது. காருகுறிச்சி மண்பாண்டம் பசையை உறிஞ்சும். விளிம்பில் முதலில் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள்.

ஜப்பானிய முறையில் ஒட்டுவது உருஷி மரப்பால். அது இறுக வெயில் உதவாது, 70 முதல் 85 சதவீத ஈரப்பதம் வேண்டும். நம்மூரில் ஈரத்துணி போட்டு மூடிய பெட்டிதான் வழி. ஒரு கிண்ணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். சேங்கொட்டைக் குடும்பத்து மரம்; பால் தோலில் பட்டால் தடித்து அரிக்கும், கையுறை கட்டாயம். ஆனால் முழுதாக இறுகி, அசல் தங்கம் தூவிய கிண்ணத்தில் டீ குடிக்கலாம்.