சின்ன நகராட்சித் தெருவுக்கு எது சரி: தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா?

எங்கள் தெருவின் பழைய சிமெண்ட் சாலையைப் பெயர்த்துவிட்டு அடுத்து என்ன போடுவது என்ற பேச்சு வந்தபோது, பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டு மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம்) பேவர் பிளாக், அதாவது அச்சில் வார்த்த கான்கிரீட் கல், வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். போட்டு மழைக்காலம், கத்திரி வெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது பக்கத்துத் தெருக்காரர்களும் குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து உறவுக்காரர்களும் "எங்க தெருவுக்கு எஸ்டிமேட் போடுறாங்க, எதைக் கேக்கலாம்?" என்று விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். நான் பேவர் பிளாக் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் எல்லாத் தெருவுக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ஒன்று. நான் பேசுவது பழைய வட ஆற்காட்டில் இருக்கிற மாதிரியான சின்ன நகராட்சிகளைப் பற்றி. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, மேலே இருந்து வருகிற நிதி, இதுதான் வருமானம். புதிதாகச் சாலை போட ஏதாவது ஒரு திட்டத்தில் பணம் வந்துவிடும். போட்ட சாலையைப் பத்து வருடம் பார்த்துக்கொள்ளத்தான் ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. பொறியாளர் பிரிவில் ஆள் குறைவு, ஊர் முழுக்கக் குழாய் வேலை பார்க்க ஒரு சில ஃபிட்டர்கள். ஆகவே போடும் செலவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பின்னால் கஷ்டம் நமக்குத்தான்.

தார் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போடும்போது இருப்பதிலேயே மலிவு, போட்ட அன்றைக்கே வண்டி விடலாம், ஓட்டுவதற்கும் சுகம். பஸ், லாரி போகிற பெரிய சாலைக்கு அதுதான். பிளாஸ்டிக் கழிவைத் தாரில் கலக்கும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தார், 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மாநிலத்தில் பிறந்த நல்ல விஷயம், பெரிய சாலைகளுக்கு அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் வீட்டு வாசல்கள் நேராகத் திறக்கிற தெருவில் தாருக்கு ஆயுசு குறைவு. தாருக்கு எதிரி தண்ணீர். காலையில் வாசல் தெளிக்கிறோம், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சிலர் அப்படியே விடுகிறார்கள், கால்வாய் அடைத்தால் ரோட்டில்தான் ஓடும். தினமும் ஈரம் பட்ட இடத்தில் ஜல்லி தனியாகக் கழன்று வந்துவிடும், அப்புறம் அது பள்ளம்தான். பத்தடி அகலத் தெருவுக்குள் தார் மிஷினும் ரோலரும் நுழைந்து திரும்புவதே பெரும்பாடு என்பதால் பேட்ச் வேலைக்கும் யாரும் சீக்கிரம் வர மாட்டார்கள்.

சிமெண்ட் சாலை அப்படியில்லை. ஒழுங்காகப் போட்டால் உறுதியானது, தண்ணீருக்குப் பயப்படாது, பெருக்கச் சுலபம், தூய்மைப் பணியாளர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். "ஒழுங்காகப் போட்டால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் ஆகும், அதில் முதல் வாரமாவது விடாமல் ஈரம் காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் சாக்கு போட்டுத் தண்ணீர் நிறுத்தாவிட்டால் மேலே பவுடராக உதிர ஆரம்பிக்கும். நான்கைந்து மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். வாட்டம் தப்பாக வைத்தால் யார் வீட்டு வாசலில் குட்டை நிற்கிறதோ அங்கே சாலை இருக்கும் வரை நிற்கும். இதில் செய்யும் தப்பு அப்படியே இறுகிப் போகிறது. 2022-ல் வேலூரில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமல் சக்கரம் புதையும்படி சிமெண்ட் சாலை போட்ட செய்தியும், அடிபம்போடு சேர்த்துக் கால்வாய்க் கான்கிரீட் போட்ட செய்தியும் ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, மட்டம். பழைய சிமெண்ட் சாலையை உடைத்து அள்ளச் செலவு என்பதால் அதன் மேலேயே அடுத்த சாலையைப் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அரை அடி ஏறினால், திண்ணை வைத்துக் கட்டிய வீடு தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்தில். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்தில் உத்தரவே போட்டார். எந்தச் சாலையாக இருந்தாலும் இதை விடாமல் கேளுங்கள்.

சரி, எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். சின்ன ஊர்த் தெருவில் சாலை என்பது குழாய்களின் மூடி. அடியில் குடிநீர் லைன் போகிறது, அதில் ஃபெரூல் என்ற சின்ன இணைப்பு முனை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்பு பிரிகிறது. மேட்டூரிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது வெட்டினார்கள், பாதாள சாக்கடை வருகிற ஊர்களில் அதற்கும் வெட்டுகிறார்கள், புது வீடு கட்டியவர் சாலை வெட்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு இணைப்புக்கு வெட்டுகிறார். இவை எல்லாம் போகக் குழாய் உடைப்பு. ஆகவே தெருவைத் தோண்டுவார்களா என்று கேட்பதில் அர்த்தமில்லை. தோண்டிய பிறகு தெரு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

சிமெண்ட் சாலையில் உடைப்பு என்றால் முதலில் எங்கே உடைந்தது என்றே தெரியாது. தண்ணீர் கான்கிரீட் பலகைக்கு அடியிலேயே ஓடி, நாலு வீடு தள்ளி எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். ஃபிட்டர் அங்கே உடைத்தால் குழாய் நன்றாக இருக்கும், இன்னொரு இடத்தில் உடைக்க வேண்டும். உடைப்பதற்குப் பிரேக்கர் மிஷின், அதற்கு கம்ப்ரஸர் வண்டி, வாடகைக்கு அனுமதி. ஃபிட்டர் ஒரு ஆள், கையில் கடப்பாறை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. "ஒரு நாலு தெருவுக்குச் சேர்த்து வண்டி வரும் சார், அப்பப் பாத்துக்கலாம்" என்பார். அந்த நாலு தெரு சேரும்வரை கசிவு கசிந்துகொண்டே இருக்கும்.

இங்கே பலரும் யோசிக்காத ஒரு ஆபத்து இருக்கிறது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. விட்ட நேரம் போக மீதி நேரமெல்லாம் குழாயில் அழுத்தம் இருக்காது. அப்போது உடைந்த இடத்தைச் சுற்றி ஊறி நிற்கிற கால்வாய்த் தண்ணீர் குழாய்க்குள் இறங்கிவிடும், அடுத்த முறை தண்ணீர் திறந்தவுடன் அதுதான் முதலில் நம் குடத்துக்கு வரும். குடிநீரில் சாக்கடை கலந்து தெருவே வயிற்றுப்போக்கில் படுக்கிற செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரிக் கசிவுதான். உடைப்பை அடைக்க ஒரு வாரம் தாமதமானால் அந்த ஒரு வாரமும் குழந்தைகள் அதைக் குடிக்கிறார்கள். எனக்கு இது அழகு, செலவு எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம்.

பேவர் பிளாக்கில் இது மாறுகிறது. கசிவு இருந்தால் அடியில் இருக்கிற மணல் அரித்து அந்த இடத்தில் கல் இறங்கும், இடுக்கில் ஈரம் தெரியும். இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கிறது என்று சொல்லலாம். ஃபிட்டர் கடப்பாறை முனையால் முதல் கல்லைக் கிளப்பிவிட்டால் மீதியைக் கையாலேயே எடுத்து அடுக்கலாம். குழாயைச் சரி செய்து, மண்ணைத் தள்ளி, மணல் பரப்பி, அதே கல்லை அதே இடத்தில் வைக்கிறார். எஸ்டிமேட் இல்லை, காண்ட்ராக்டர் இல்லை, வண்டி இல்லை. எங்கள் தெருவில் போட்ட பிறகு வந்த உடைப்புகள் புகார் சொன்ன மறுநாளுக்குள் அடைபட்டன. முன்னால் சிமெண்ட் சாலையில் அதே ஆட்கள்தான், அப்போது இழுத்தடித்தது. தோண்டிய இடத்தில் இப்போது தழும்பே தெரியவில்லை. சிமெண்ட் சாலையில் வெட்டிப் பூசிய பட்டை புதிதும் பழையதும் ஒட்டாமல் வருடத்துக்குள் ஓரம் உடையும், தாரில் வெட்டிய இடம் மண்ணாகவே கிடக்கும்.

பந்தல்கால் விஷயமும் அப்படித்தான். ஆடி மாதம் கூழ் ஊற்ற, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று வருடம் பூராவும் யாராவது தெருவில் கால் நடுகிறார்கள். யார் தடுக்க முடியும்? கான்கிரீட்டில் போட்ட ஓட்டையெல்லாம் அப்படியே நின்று, பிறகு அதிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இங்கே ஒரு கல்லை எடுத்துக் கால் நட்டு, முடிந்ததும் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. எங்கள் தெருப் பெண்களின் முதல் புகார் கோலம். கல்லுக்குக் கல் இடுக்கு இருப்பதால் கம்பி கோணுகிறது, சிமெண்ட் சாலையில் வந்த மாதிரி வருவதில்லை, மார்கழியில் இது பெரிய வருத்தம்தான். சில வீடுகளில் வாசலுக்கு முன்னால் மட்டும் சிமெண்ட் பூசிக்கொண்டார்கள், அது கூடாது, அடியில் இருப்பது அவர்கள் வீட்டு இணைப்பேதான். இடுக்கில் புல் முளைக்கிறது, மழைக்குப் பிறகு பிடுங்க வேண்டும். வாக்கர் வைத்து நடக்கும் பெரியவர்களுக்குக் கல் ஏற்ற இறக்கமானால் சிரமம். பெருக்குவதும் கொஞ்சம் கடினம்.

லாரி போகிற தெருவைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. எங்கள் தெருவில் தண்ணீர் டிராக்டரும் எப்போதாவது செங்கல் லோடும்தான். தினமும் டிப்பர் ஓடும் தெருவில் சக்கரம் போகிற தடத்தில் கல் அமுங்கி இருப்பதைப் பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறேன். அங்கே நான் இருந்தால் சிமெண்டைத்தான் கேட்பேன், குழாயை முதலில் ஓரத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு.

பேவர் பிளாக் என்று முடிவானால், போடும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய சில விஷயங்கள். ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிர்ணயப்படி 60 மி.மீ. கனமுள்ள கல், எம்-35 தரம் (கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் எண்), குறைவான வண்டி போகும் இடத்துக்கு. நகரத் தெருவுக்கு 80 மி.மீ., எம்-40. எஸ்டிமேட்டில் எது இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, கல் வந்து இறங்கும்போது ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கல்லை விட முக்கியம் அடித்தளம். ஜல்லி மண் போட்டு ரோலர் ஓட்டி இறுகிய பிறகுதான் மணல், அதுவும் ஓரிரு அங்குலத்துக்கு மேல் கூடாது. பள்ளத்தை மணலாலேயே நிரப்பி மேலே கல்லை அடுக்கினால் முதல் மழையிலேயே தெரு அலை அலையாகிவிடும். ஓரத்தில் தடுப்புக் கட்டை கட்டியே ஆக வேண்டும், கால்வாய்ச் சுவர் உறுதியாக இருந்தால் அதுவே போதும். ஓரம் திறந்திருந்தால் கல் ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும்.

இடுக்கில் நிரப்ப வேண்டியது காய்ந்த நைஸ் மணல்தான். மேஸ்திரிகள் சிலர் 'கெட்டியா இருக்கும்' என்று சிமெண்ட் பால் ஊற்ற வருவார்கள், தயவு செய்து தடுத்துவிடுங்கள். ஊற்றிவிட்டால் கல்லைக் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அப்புறம் பேவர் பிளாக் போட்டதற்கே அர்த்தம் இல்லை.

குழாய் வேலைக்குத் தோண்டியவர்கள் மண்ணை ஒரே மூச்சில் தள்ளிவிட்டு மேலே கல் வைத்தால் ஒரு மாதத்தில் அங்கே குழி விழும். அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடிக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் யார் வீட்டு முன்னால் தோண்டுகிறார்களோ அவர்களே நின்று பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம், இதுவரை பரவாயில்லாமல் நடக்கிறது.

கடைசியாக, வேலை முடிந்து மிச்சமாகும் கல்லைக் காண்ட்ராக்டர் ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். அதே அச்சில், அதே நிறத்தில் ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் கிடைக்காது, அளவு ஒரு நூல் மாறினாலும் உட்காராது. உதிரிக் கல் எத்தனை என்று எஸ்டிமேட்டிலேயே எழுத வைத்து, தண்ணீர்த் தொட்டி வளாகம் மாதிரி பூட்டுகிற இடத்தில் அடுக்கி, கவுன்சிலரிடமும் ஃபிட்டரிடமும் கணக்கு கொடுத்துவிடுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபை கூட்டுவார்கள், எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் வருகிற கூட்டமாகப் பார்த்து இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, மினிட்ஸில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.