ஆத்தங்குடிக் கல் மேல் விரிந்த மலை: 1:50,000 நிலவரைபடத் தாள், ஒரு மதிப்புரை

காரைக்குடியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் பிரான்மலைதான். ஏறிய வழியிலேயே இறங்கிவிடலாம். போடிநாயக்கனூருக்கு அப்பால், கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள குரங்கணியிலிருந்து புறப்பட்டு, காட்டு மலைகளைச் சுற்றி மீண்டும் குரங்கணிக்கே வந்து சேரும் நடை ஒன்றை நாங்கள் நால்வர் திட்டமிட்டபோது அந்தப் பழக்கம் உதவவில்லை. சுற்று நடையில் பாதி வழியைக் கடந்துவிட்டால் திரும்புவதற்கும் முன்னே செல்வதற்கும் தொலைவு ஒன்றுதான்; ஆகவே கணக்கெல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கைகொடுத்தது இந்திய நில அளவைத் துறையின் ‘ஓபன் சீரிஸ்’ வரைபடத் தாள், பேச்சு வழக்கில் டோப்போ ஷீட்.

1767இல் தொடங்கப்பட்ட அத்துறை, தன் தாள்களை இணையத்தில் பதிவு செய்துகொள்வோருக்குக் கட்டணமின்றித் தருகிறது. அச்சிடுவதில்தான் கவனம் வேண்டும். ஒரு தாள் பதினைந்து கலை (கால் பாகை) அட்சரேகையையும் பதினைந்து கலை தீர்க்கரேகையையும் உள்ளடக்குவதால், நம் பகுதியில் வரைபடம் மட்டுமே ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் சதுரம் வரும். வீட்டுப் பிளான் அச்சிடும் கடையின் பெரிய இயந்திரம் இல்லாமல் முடியாது. நாங்கள் சென்ற கடையில் எங்களைக் கேட்காமலே காகிதத்துக்கு ஏற்பச் சுருக்கி அச்சிட்டுவிட்டார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அடியிலிருந்த அளவுகோலில் ஸ்கேலை வைத்தபோதுதான் ஒரு கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால்தான் இருந்தது. அதை அப்படியே நம்பியிருந்தால் எங்கள் மலை எட்டில் ஒரு பங்கு சிறுத்திருக்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அளந்து பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் சுற்று இரு தாள்களில் பரவியிருந்ததால், மறுபடி அச்சிட்ட அவ்விரண்டையும் ஒட்டி, வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரைமேல் விரித்தோம். “என்னப்பா இது, சிக்குக் கோலம் கலைஞ்சு கெடக்கு?” என்றார் அப்பத்தா. அந்தக் கோலமே இத்தாளின் உயிர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடித்திருப்பதால் நூறு நூறு மீட்டராக எண்ணலாம். நாங்கள் பென்சிலால் வரைந்த சுற்று, ஏறுமுகமாக 60 கோடுகளைக் கடந்தது. அதாவது 1,200 மீட்டர் ஏற்றம். தொலைவை அளக்க, பழைய கண்டாங்கிச் சேலையிலிருந்து உருவிய சிவப்பு நூலை வளைவுக்கு வளைவு பதித்துச் சென்று, பிறகு நிமிர்த்து அளந்தோம்: 36 சென்டிமீட்டர், ஆக 18 கிலோமீட்டர்.

மணிக்கு 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு. அதன்படி 5 மணி 36 நிமிடம் வருகிறது. அது குளிர்நாட்டுக் கால்களுக்கான கணக்கு என்பதால், நம் வெயிலையும் முதுகுச் சுமையையும் எண்ணி ஒன்றரை மடங்காக்கி, 8 மணி 24 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். இதே வழிக்கு எங்கள் அலைபேசியிலிருந்த ஒரு செயலி 3 மணி 40 நிமிடம் போதும் என்றது. தேவகோட்டை ரஸ்தாவில் காலை நடை போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். அச்செயலி மேட்டைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்விக்கும் தாளே விடை சொன்னது. கோடுகள் நெருங்கிக் கிடக்கும் செங்குத்துச் சரிவில் காலையில் ஏறி, அவை விலகிக் கிடக்கும் சரிவில் மாலையில் இறங்கினால் முழங்கால் பிழைக்கும். ஆனால் அப்படிச் சுற்றினால் ஓடையை இரண்டாம் முறை கடப்பது பிற்பகலில் வருகிறது. மேலே மழை பெய்தால் அந்நேரத்தில்தான் நீர் பெருகும். ஐப்பசி, கார்த்திகையில் இத்திட்டம் ஆகாது என்று தை மாதத்துக்குத் தள்ளிவைத்தது இதனால்தான். குடிநீருக்கும் தாளில் குறிப்பு உண்டு: வற்றாத நீரோட்டத்தை நீலத்திலும், வறண்டுவிடும் ஓடையைக் கறுப்பிலும் காட்டுவது அத்துறையின் மரபு. எங்கள் சுற்றின் மேற்பாதி முழுவதும் கறுப்பு. ஆளுக்கு 4 லிட்டர் சுமக்க முடிவு செய்தோம்.

தாளின் எல்லையையும் சொல்ல வேண்டும். இரு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் பாறைச்சுவர் நின்றாலும் அது தாளில் தெரியாமல் போகலாம். ஒற்றையடிப் பாதைகள் ஆண்டுக்காண்டு புதரில் மறையும். நூலும் கிடைத்தளத்தைத்தான் அளக்கும், மேடுபள்ளத்தின் நீளத்தை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, தாளில் வரைந்த கோடு நடப்பதற்கான உரிமை ஆகாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வாண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது, தீக்காலத்தில் போகவே கூடாது. எங்களுக்கும் மேற்கு முகட்டுக்கு அனுமதி கிடைக்காததால், நூலை மறுபடி எடுத்துச் சுற்றை 13 கிலோமீட்டராகச் சுருக்கினோம்.

புறப்படும் காலையில் வழிகாட்டியிடம் தாளைக் காட்டினோம். கறுப்பு ஓடை ஒன்றின் மேல் விரலை வைத்து, “இதுல தை கடைசி வரைக்கும் தண்ணி நிக்கும், அந்தப் பாறைக்குக் கீழ” என்றார். அவ்விடத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு, ஆளுக்கு ஒரு லிட்டரை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.