முதல் கார்டைச் சீரமைக்க ஃபயர்ஃபாக்ஸின் டெவலப்பர் கருவிகள்

வலைப்பக்கம் அமைக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் ஒரு சிறிய கார்டில்தான் தொடங்குகிறார்கள்: மேலே படம், கீழே தலைப்பு, சில வரி விளக்கம், ஒரு பொத்தான். என் முதல் கார்டுக்கு 350 பிக்சல் அகலமும் 480 பிக்சல் உயரமும் கொடுத்து, மேலே மார்ஜின் (வெளி இடைவெளி) வைத்து நடுவுக்குக் கொண்டுவந்திருந்தேன். மடிக்கணினியில் அது சரியாகவே தெரிந்தது. அதிலிருந்த பிழைகளை எனக்குக் காட்டிக் கொடுத்தவை ஃபயர்ஃபாக்ஸ் உலாவியுடன் இலவசமாகவே வரும் டெவலப்பர் கருவிகள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பக்கம் கைபேசி அளவுக்குச் சுருங்கும். பட்டியலிலுள்ள கைபேசிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பதே நல்லது. எந்த அகலத்தில் அமைப்பு குலைகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். 320 பிக்சலில் என் கார்டு திரையைத் தாண்டிச் சென்றது. நிலையான அகலம் தரும் விட்த் இருந்த இடத்தில், அதிகபட்ச அகலத்தை மட்டும் குறிக்கும் மேக்ஸ்-விட்த் எழுதியதும் அது தீர்ந்தது. உயரத்தை நீக்கியது அதைவிட முக்கியமான திருத்தம்: ஆங்கில மாதிரி உரைக்காக அளந்து வைத்த பெட்டியில் தமிழ் உரையை இட்டால், வரிகள் கூடிப் பொத்தான் பெட்டிக்கு வெளியே தள்ளப்படுகிறது.

நான் மிகவும் மதிக்கும் வசதி 2019இல் 70ஆம் பதிப்பில் வந்தது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் பயனற்றுக் கிடக்கும் வரியை அது மங்கலாக்கி, பக்கத்தில் ஒரு சிறு குறியை வைக்கிறது. உள்ளிருப்பவற்றை நகர்த்தி நிறுத்தும் ஜஸ்டிஃபை-கன்டென்ட் எழுதியும் எதுவும் நகரவில்லையென்றால், அந்த உறுப்பு ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற அடுக்கும் முறைகளில் எதிலும் இல்லை என்ற காரணத்தையும் அதற்கான தீர்வையும் அங்கேயே படிக்கலாம். தொடக்கநிலையில் மணிக்கணக்கில் நேரத்தை விழுங்குபவை இத்தகைய பிழைகளே.

அகன்ற திரையில் படத்தையும் உரையையும் அருகருகே வைத்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. 'விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு' என்ற ஒரே சொல் உரைப்பகுதியைச் சுருங்கவிடாமல் தடுத்தது. டெவலப்பர் கருவிகளிலுள்ள ஃப்ளெக்ஸ்பாக்ஸ் பலகை அந்தப் பகுதியின் அடிப்படை அளவு, சுருங்க வேண்டிய அளவு, குறைந்தபட்ச அளவு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டியதால்தான் காரணம் விளங்கியது. குறைந்தபட்ச அகலமான மின்-விட்த்தைச் சுழியமாக்கி, நீண்ட சொல் உடைந்து அடுத்த வரிக்குச் செல்ல ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு பிரேக்-வேர்ட் கொடுத்தேன். தமிழில் பக்கம் அமைப்பவர்கள் இந்த இரண்டு வரிகளையும் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பட்டியலில் ஐபோனைத் தேர்ந்தாலும் பக்கத்தை வரைவது ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சினே. ஐபோனின் உலாவியான சஃபாரியில் மட்டும் தோன்றும் பிழைகள் இதில் தெரியமாட்டா. பிறகு மேல் மார்ஜினை விட்டுவிட்டு, கார்டை நடுவில் நிறுத்த அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு 100விஎச், அதாவது திரையின் முழு உயரம், கொடுத்திருந்தேன். கைபேசியில் முகவரிப் பட்டை விரிந்திருக்கும்போது அந்த உயரம் கண்ணில் படும் பகுதியைவிடப் பெரிதாகிவிடுவதை உண்மையான கைபேசியில் திறந்த பிறகே கண்டேன். அதை, பட்டை விரிந்திருக்கும்போது தெரியும் உயரத்தைக் குறிக்கும் 100எஸ்விஎச் என்று மாற்றியதும் கார்டு நடுவுக்கு வந்தது.